தொண்ணூறுக்குள் ஒரு நூறு

நைனா,

உன் அப்பாவை நீ நைனா என்கிறாய், உன்னை நாங்கள் நைனா என்கிறோம்; இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் உன் கைக்கு வருவதற்குள் இதைப் பலர் படித்திருப்பார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிற நாங்கள் மாதம் ஒருமுறை திருப்பதியில் கூடுவோமே, அந்தக் கூட்டத்துக்காரர்கள் இப்போது கைபேசியில் ஒரு மடல் சுற்றுக்கு விடுகிறார்கள். அதில் எழுதச் சொல்லி என்னைக் கேட்டார்கள். புதிதாக வந்திருக்கும் இளம் தாய் ஒருத்தி, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, "அக்கா, நீங்கதான் இதுல பழகினவங்க. ஒரு பையனை வளர்த்து ஸ்ரீசிட்டிக்கு வேலைக்கே அனுப்பிட்டீங்க. சின்ன வகுப்புக் கணக்குக்கு எந்தப் பாடத்திட்டம் வாங்கறதுன்னு எங்களுக்கு எழுதிக் குடுங்க" என்றாள். நானும் பெரிய மனுஷி போலத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அவர்களுக்கு எதைச் சொன்னாலும் அது உன்னிடம் சொல்லாத ஒன்றைத் தாண்டிப் போய்ச் சொல்வதாக இருந்தது. அதனால் உனக்கே எழுதுகிறேன். அவர்களும் படிக்கட்டும். நான் செய்ததை வீட்டுக்குள்ளேயே மூடி வைத்ததால்தான் இவ்வளவு காலம் என்னால் நல்ல அம்மாவாக நடமாட முடிந்தது.

போன வாரம் நாம் போனில் பேசியது உனக்கு நினைவிருக்கும். உன் தங்கை பிந்துவுக்கு ஏழு வயது ஆகிவிட்டது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், இனிமேல் கணக்கை ஒழுங்காக ஆரம்பிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, "இன்னா புக்கு வாங்கலாம், நீயே சொல்லேன்" என்று கேட்டேன். உன் பக்கம் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்களின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நீ சொன்னாய்: "அவளுக்கு நீ கணக்கு சொல்லிக் குடுக்காதம்மா."

"ஏன்டா? உனுக்குச் சொல்லிக் குடுக்கும்போது எனுக்கு ஒண்ணும் தெரியாது. இப்போ எவ்ளோ பாத்துட்டேன். இவளுக்கு அந்தத் தப்பெல்லாம் வராது."

"உன் தப்ப திருத்திக்கறதுக்கு அவ இன்னா ரஃப் நோட்டா?"

அதைச் சொன்ன உடனே பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். பஸ் வந்ததோ இல்லையோ. நீ என்னிடம் கோபமாகப் பேசியது அதுதான் முதல் முறை. சின்ன வயதில்கூட நீ என்னை எதிர்த்துப் பேசியதில்லை. அப்படி எதிர்த்துப் பேசினாய் என்று ஒருநாள் உன் நைனாவிடம் நான் பொய் சொன்னேன். அந்த நாளைப் பற்றித்தான் இதில் எழுத வேண்டும். அதற்கு முன்னால் உன்னை நான் ஏன் பள்ளியை விட்டு அழைத்துவந்தேன் என்று சொல்ல வேண்டும். அதிலும் நீ நம்பிக்கொண்டிருப்பது பாதிதான்.

நாம் அப்போது சித்தூரில் இருந்தோம். நீ முதல் வகுப்பு. ஒருநாள் மதியம் நீ மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் பள்ளிக்கு வந்தபோது, வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நீ முட்டி போட்டிருந்ததைப் பார்த்தேன். கூட்டல் தப்பாகப் போட்டாயாம். உன் முட்டியில் சிமெண்ட் தரையின் பொடிக்கல் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நீ அழவில்லை, சிரித்தாய். உன்னை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் கதையைக் கூட்டத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கண் கலங்குவார்கள். நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்றைக்கு நான் தூக்கிக்கொண்டு ஓடியது உன்னை மட்டும் இல்லை. நான் படித்த பிச்சாட்டூர் பள்ளியில் கணக்கு பீரியட் வந்தாலே உயரமான பெண் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற ஒரு பிள்ளை எனக்குள் இருந்தது. ஐந்தாவது வரை தமிழில் படித்துவிட்டு, ஆறாவதில் திடீரென்று எல்லாம் தெலுங்கில் வந்தபோது அவளுக்குக் கணக்கு என்பது இரண்டு மடங்கு புரியாத ஒன்றாகிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டிலிருந்து ஒரு எண்கூட என்னவென்று தெரியாமல் அப்படியே வரைந்துகொள்வாள். பத்தாவதில் கணக்கில் தவறினாள். அதை உன் நைனாவிடம் கல்யாணத்துக்குப் பிறகுதான் சொன்னேன். அவர், "நான் எட்டாவதே தாண்டல. உன்ன வுட நான்தான் சீனியரு" என்று சிரித்தார். ஆனால் உன்னிடம் சொல்லவே இல்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நீ நம்பினாய். அந்த நம்பிக்கை எனக்குத் தேவைப்பட்டது.

பாடத்திட்டம் தேர்ந்தெடுத்த கதைக்கு வருகிறேன். அதைத்தானே கேட்டிருக்கிறார்கள். சென்னையிலிருந்து கணவரின் வேலைக்காகத் திருப்பதிக்கு வந்திருந்த சுதா அக்கா வீட்டில் அந்த மாதம் கூடினோம். கூடத்தில் பாய் விரித்துப் புத்தகங்களைப் பரப்பி வைத்திருந்தார். அரசாங்கப் பாடப்புத்தகம் இருந்தது, ஒரே மாதிரி கணக்கைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்லும் பயிற்சிப் புத்தகங்கள் இருந்தன. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று வண்ணக் கட்டைகளோடு வந்தது. ஒன்றுக்கு ஒரு சின்னக் கட்டை, பத்துக்கு ஒரு நீளக் கட்டை, நூறுக்கு ஒரு பலகை. பிள்ளை அவற்றை அடுக்கிப் பார்த்துத் தானே கண்டுபிடிக்கும், பெற்றோர் பக்கத்தில் இருந்து கேள்வி மட்டும் கேட்க வேண்டும். இன்னொன்று ஆங்கிலத்தில் தடிமனாக இருந்தது. அதில் பாடம் நடத்துபவர் வாய்திறந்து என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அதைக் கேட்டுப் பிள்ளை என்ன சொல்லும் என்பது சாய்ந்த எழுத்தில். பின்னால் தனியாக ஒரு விடைப்புத்தகம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நீ அந்தக் கட்டைப் பெட்டியின் பக்கத்திலேயே குந்தியிருந்தாய். பத்துக் கட்டையைப் பலகைமேல் ஒவ்வொன்றாக வைத்து, அது பலகையை முழுக்க மூடும்போது 'ஹா' என்று உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாய். சுதா அக்கா அதைப் பார்த்துவிட்டு, "உங்க பையன் சும்மா இருக்க மாட்டான். அவனுக்கு இந்தக் கட்டைதான் சரி. யோசிக்காதீங்க" என்றார். எனக்கும் அது தெரிந்தது. பார்த்த எவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கட்டைப் பாடத்தில் நான் என்ன கேள்வி கேட்பது? நீ எதையாவது கண்டுபிடித்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினால், அது சரியா தப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? தடித்த எழுத்துப் புத்தகத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பேச வேண்டியதை எல்லாம் எவரோ எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் லேசானது. "இது அஸ்திவாரம் நல்லா போடுதாம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "அந்தக் கட்ட நாம்ப வாங்கலியாம்மா?" என்று கேட்டாய்.

"அது சின்னக் கொயந்தைங்க ஆட்றது. நீ பெரியவன் ஆயிட்ட இல்ல?"

நீ, "சரி" என்றாய். உனக்கு அப்போது ஏழு வயது. பெரியவன் என்று சொன்னால் எதையும் விட்டுக்கொடுத்துவிடும் வயது.

பாடம் ஆரம்பித்தோம். விடைப்புத்தகத்தை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொள்வேன். தடித்த எழுத்தில் இருப்பதை மனதுக்குள் தமிழாக்கி உன்னிடம் சொல்வேன். நீ சாய்ந்த எழுத்தில் இருப்பதைச் சொன்னால் பாடம் முன்னால் போகும். பிரச்சினை என்னவென்றால் நீ அதைச் சொல்ல மாட்டாய். "நாலும் மூணும் எவ்ளோ?" என்றால், "ஏழு. ஆனா மூணும் நாலும்கூட ஏழுதான். எப்பவுமே அப்படித்தானா?" என்பாய். சாய்ந்த எழுத்தில் ஏழு மட்டும்தான் இருக்கும். "கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்பேன். உன் நைனா காணிப்பாக்கத்துக்குச் சவாரி போய்விட்டு வந்து வேனைத் துடைத்துக்கொண்டே, "இன்னா நைனா, இன்னிக்கி லெக்க எவ்ளோ தூரம் போச்சி?" என்று கணக்குப் பாடத்தைக் கேட்பார். நீ என்னைப் பார்ப்பாய். நான், "நல்லாதான் போய்க்கினு கீது" என்பேன்.

அந்த நாள். மூன்று இலக்க எண்கள் பாடம் முடியும் கட்டம். நான் எண்களைச் சொல்ல வேண்டும், நீ சிலேட்டில் எழுத வேண்டும். ஆங்கிலப் புத்தகம் என்பதால் நான்தான் தமிழில் மாற்றிச் சொன்னேன். எழுநூறு என்றேன், எழுதினாய். எண்ணூறு என்றேன், 800 என்று எழுதினாய். அடுத்தது பழைய பாடத்திலிருந்து ஒன்று, சும்மா நினைவுபடுத்த. தொண்ணூறு என்றேன். நீ 900 என்று எழுதினாய்.

"தப்பு. ஒய்ங்கா காதுல வாங்கு. தொண்ணூறு."

"அதாம்மா எய்தியிருக்கேன்."

"இது தொள்ளாயிரம்டா."

"தொள்ளாயிரத்துல ஆயிரம் கீதேம்மா. அது இன்னும் பெருசு இல்ல?" என்று சொல்லிவிட்டு அதற்குப் பக்கத்தில் 9000 என்று எழுதிக் காட்டினாய். பிறகு எனக்குப் புரிய வைப்பது போலப் பொறுமையாகச் சொன்னாய்: "எட்டு, எண்ணூறு. ஒம்போது, தொண்ணூறு. சரியாத்தானே வருது?"

நான் முந்தானைக்குள் விடைப்புத்தகத்தையும், பிறகு தடிப் புத்தகத்தையும் புரட்டினேன். அந்தக் கேள்விக்குத் தடித்த எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. இங்கிலீஷ்காரனுக்கு இந்தக் குழப்பமே வராது, அவன் எங்கே எழுதி வைக்கப் போகிறான். முந்தின நாள் உன் நைனா தெலுங்கில் தொம்பை என்று சொன்னபோது நீ தடுமாறாமல் 90 என்று எழுதியது நினைவுக்கு வந்தது.

"நேத்து நைனா தொம்பைன்னு சொல்லும்போது மட்டும் கரெக்டா எய்தினியே? எங்கிட்ட மட்டும் வேணும்னே பண்றியா?"

"தொம்பைல நூறு இல்லியேம்மா."

நீ சொன்னது அவ்வளவுதான். உனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில். எனக்கு அது கேலியாகக் கேட்டது. பிச்சாட்டூரில் வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்த சத்தம் அந்த வரிக்குள் இருந்தது. "என்னியே கிண்டல் பண்றியா? போய் வாசப்படியாண்ட முட்டி போட்றா" என்றேன். நீ நம்பாமல் பார்த்தாய். பிறகு எழுந்து போய் முட்டி போட்டாய். அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று உனக்குப் பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். உன்னை எழுந்திருக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. எழுந்திரு என்று சொன்னால் நீ மறுபடி அதே கேள்வியைக் கேட்பாய் என்று பயம். உன் நைனா வந்தார். உன்னைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, சாமி கும்ட்டுக்கினு கீறியா?" என்று கேட்டது எனக்கு உள்ளே கேட்டது. நீ, "இல்ல நைனா. கணக்கு" என்றாய். அவர் உன்னைத் தூக்கி நிறுத்தி, முட்டியைத் தட்டிவிட்டார். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்று, "இத்துக்குத்தான் இஸ்கூல வுட்டு இட்டுக்கினு வந்தியா?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. "எதுத்துப் பேசினான்" என்றேன். அதுதான் நான் சொன்ன பொய்.

அதற்குப் பிறகு பாடம் ஓட்டமாகப் போனது. நீ ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதிலை மட்டும் சொன்னாய், அதுவும் மெதுவாக, இழுத்து, என் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சொல்வாய். "எய்பத்தி... ஒண்ணு... ரெண்டு..." என்று போய் ஓரிடத்தில் நிற்பாய். நின்ற இடம் சரியாக இருக்கும். என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறாயே, அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன். முட்டி போட வைத்ததை நீ மறந்துவிட்டாய் என்றும் நினைத்தேன். கூட்டத்தில், "எங்க பையனுக்குக் கணக்குல தப்பே வர்றதில்ல" என்று பெருமை பேசினேன். சுதா அக்கா மட்டும், "கட்டை வேணும்னா எடுத்துட்டுப் போங்க, சும்மாதான் கிடக்குது" என்றார். நான் எடுத்து வரவில்லை.

ஆறாவதில் உன்னைப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே கணக்கில் நீ ஊமையாகிவிட்டாய். வீட்டில் தப்பே வராதவனுக்குப் பள்ளியில் ஏன் ஒன்றும் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. பள்ளியைக் குறை சொன்னேன், உன் கவனத்தைக் குறை சொன்னேன். பத்தாவதை எப்படியோ தாண்டிப் பதினொன்றாவதான இன்டர் சேரும்போது, மிக்ஸி முதல் வேன் இஞ்சின் வரை எதையும் பிரித்துப் பார்க்காமல் விடாத நீ, மெஷின் படிப்புக்குப் போகிற கணக்கு குரூப்பை விட்டுவிட்டு, வரலாறும் பொருளாதாரமும் இருக்கிற குரூப்பில் சேர்ந்தாய். கவுண்டரில் இருந்தவர் கேட்டதற்கு, "அதுல கணக்கு இல்ல சார், அதான்" என்றாய். பக்கத்தில் நின்ற நான் காதில் விழாதது போல ஜன்னலைப் பார்த்தேன். இப்போது கம்பெனியில் சாமான் அறையில் இருக்கிறாய். மெஷின் பக்கம் மாற்றுவதற்கு ஒரு கணக்குப் பரீட்சை வைத்தார்களாம், நீ அறை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டாயாம். அதை நீ என்னிடம் சொல்லவில்லை, நைனாவிடம் சொன்னாய். அவர் என்னிடம் சொல்லிவிட்டு, "நீ கேட்டதா காட்டிக்காத" என்றார். இதோ, கடிதத்திலேயே காட்டிக்கொண்டுவிட்டேன்.

நீ போனை வைத்த மறுநாள் நடந்ததைச் சொல்கிறேன். திருப்பதி அலிபிரி சாலையில் நாம் இப்போது இருக்கும் வீட்டுக் கூடத்தில் பிந்துவும் உன் நைனாவும் பாம்புக் கட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். உன் நைனா தாயக்கட்டையை உருட்டிவிட்டு, "தொண்ணூறுல ஒரு பாம்பு கீது பாரு, அத்த தாண்டிட்டா நீ ராணி" என்றார்.

"எங்க நைனா? இதுல இல்லியே."

"மேல பாருடி. தொண்ணூறு."

"இந்த போர்டு நூறோட முடிஞ்சி போச்சி நைனா. தொண்ணூறு வெளியத்தான் இருக்கும்."

"அட, தொம்பைடி, தொம்பை!"

"அப்போ தொம்பைன்னே சொல்லு. தொண்ணூறுன்னா நூறத் தாண்டணும் இல்ல? எண்ணூறு மாதிரி."

என் கை மாவுக்குள் இருந்தது. உன் தங்கைக்கு நீ சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் பிறந்தபோது அந்த நாள் எங்கோ போய்விட்டது. ஆனாலும் அதே சொல்லை அதே இடத்தில் உடைத்துப் பார்த்தாள். மாவுக் கையோடு கூடத்துக்கு வந்தேன். அவள் என்னைப் பார்த்து, "ஏம்மா, தொண்ணூறுல ஏன் நூறு கீது?" என்றாள். சொன்னதைக் கேட்டுக்கோ என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எனுக்குத் தெரிலடி" என்றேன்.

பிந்துவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நைனா! அம்மாவுக்கே தெரிலியாம்!"

"அவளுக்குத் தெரியாதது எவ்ளோவோ கீது. இன்னிக்கித்தான் ஒண்ண ஒத்துக்கினா" என்றார் உன் நைனா.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். இருபது, முப்பது, எழுபது, எண்பது. எல்லாவற்றிலும் கடைசியில் பத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வரிசையில் ஒன்பதும் அப்படித்தான் ஒலிக்கிறது, ஆனால் அது வெறும் ஒன்பது. எழுநூறு, எண்ணூறு, அடுத்து தொண்ணூறு வர வேண்டும், ஆனால் அது நூறுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஆயிரத்தைச் சொல்லும் தொள்ளாயிரமும் ஆயிரத்தை எட்டுவதில்லை. தமிழில் ஒன்பதுக்கு மட்டும் ஒவ்வொரு பெயரும் அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கிறது. பிறந்ததிலிருந்து பேசுகிற எனக்கு இது ஒருநாளும் உறைக்கவில்லை. ஏழு வயதில் நீ அதைக் கேட்டுக் கண்டுபிடித்தாய். அன்றைக்கு நீ எழுதிய 900, கணக்கு வராத பிள்ளை எழுதியது அல்ல. எல்லாச் சொல்லையும் வைத்து ஒரு விதியைப் பிடித்து, அதை விடாமல் கடைசி வரை போன பிள்ளை எழுதியது. மொழிதான் விதியை மீறியது. தண்டனை உனக்குக் கிடைத்தது.

மறுநாள் பரணிலிருந்து அந்தத் தடிப் புத்தகத்தை இறக்கினேன். தூக்கிப் போடத்தான் எடுத்தேன். பிந்து, "இது இன்னா?" என்று விடைப்புத்தகத்தைப் பிடுங்கினாள். "அதுல பதில் இருக்கும். நீயே வெச்சிக்கோ. நான் கணக்குப் போட்றேன், நீ டீச்சரு" என்று சொல்லிவிட்டேன், ஏதோ தோன்றியது. அவள் அதை மடியில் வைத்து, எவரும் சொல்லாமலே, அன்றைக்கு நான் மூடியது போலத் துண்டால் மூடிக்கொண்டாள். எனக்கு ஒரு கழித்தல் கணக்கு கொடுத்தாள். கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு. நான் இன்றைக்கும் அதில் தடுமாறுவேன். "முப்பத்தி..." என்று ஆரம்பித்து அவளைப் பார்த்தேன். "...ஆறு... ஏழு..." என்றேன். ஏழு என்றதும் அவள் புருவம் மெல்ல ஏறியது. நான் நிறுத்தினேன். "கரெக்ட்டு!" என்று கத்தினாள்.

அங்கேதான் நைனா, எனக்கு எல்லாம் விளங்கியது. நான் கணக்கைப் போடவே இல்லை. அவள் முகத்தைப் படித்தேன். நீ இழுத்து இழுத்துப் பதில் சொன்னது, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, பாசம் என்று நான் நினைத்தது எல்லாம் இதுதான். முட்டி போட்ட நாளுக்குப் பிறகு நீ எண்களைப் படிப்பதை விட்டுவிட்டு என்னைப் படிக்க ஆரம்பித்தாய். அதில் நீ தேர்ச்சி பெற்றாய். பள்ளியில் கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபோது, உனக்குப் படிக்க முகம் இல்லை. பரீட்சை அறை வாசலிலும் இல்லை. நீ திரும்பி வந்துவிட்டாய்.

கூட்டத்துப் பெற்றோருக்கு இதுதான் என் பதில். கட்டை வைத்த பாடமா, வசனம் எழுதிய பாடமா, அரசாங்கப் புத்தகமா என்று என்னைக் கேட்காதீர்கள். தடிப் புத்தகத்தைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். பயப்படாத எவரிடமாவது அது நன்றாக வேலை செய்திருக்கும். புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது உங்கள் உடம்பு ஏன் லேசாகிறது என்று மட்டும் பாருங்கள். பிள்ளைக்குப் பொருந்துவதாலா, நீங்கள் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்ததாலா? எனக்கு இடம் கிடைத்தது. என் பிள்ளை வெளியே நின்றான்.

உனக்கு வேறு பதில். நீ சொன்னது சரி, பிந்து என் ரஃப் நோட்டு இல்லை. சுதா அக்காவிடம் கேட்டு அந்தக் கட்டைப் பெட்டியை வாங்கி வந்திருக்கிறேன். ஓரிரண்டு கட்டை குறைகிறது, ஆனால் நூறுப் பலகை இருக்கிறது. பிந்து பத்துக் கட்டையை ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்து, பலகை நிரம்ப ஒரே ஒரு கட்டை குறையும்போது நிறுத்தி, "இதுதான் தொண்ணூறு. நூறு ஆகப் போவுது, அதான் பேர முன்னாடியே வெச்சிக்கிச்சி" என்கிறாள். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே அவளிடம் சொன்னேன். ஆனாலும் என்மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பயந்த பிள்ளை உள்ளே இன்னும் இருக்கிறாள், என்றைக்காவது மறுபடி முந்தானையால் எதையாவது மூடுவாள். ஜூனில் பள்ளி திறக்கிறது. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பிந்துவோடு உட்கார்ந்து பார். என் பக்கத்தில் இருக்கும்போது அவள் பலகையைப் பார்க்கிறாளா, என் முகத்தைப் பார்க்கிறாளா என்று பார். அதை உன்னைத் தவிர வேறு எவராலும் கண்டுபிடிக்க முடியாது. முகத்தைப் பார்க்கிறாள் என்று நீ சொன்னால், மறுநாளே பள்ளியில் சேர்த்துவிடுகிறேன். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன்.

அந்தப் பரீட்சையை எழுது என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. எழுதாமலே இருந்தாலும் நீ என் பிள்ளை. ஆனால் சித்தூர் வீட்டு வாசப்படியில் உன்னை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேனே, அங்கே நின்றுகொண்டு சொல்லத் துணியாத ஒரு வார்த்தை இவ்வளவு வருஷமாக வாயிலேயே இருக்கிறது. உன் நைனா வந்து உன்னைத் தூக்கினார். தண்டனை கொடுத்தவள் வந்து சொல்லவில்லை. இப்போது, இத்தனை பேர் படிக்கும்போதே சொல்கிறேன். உன் கணக்கு சரி.

எய்ந்திரு, நைனா.

அம்மா